பிளாஸ்டிக் பேசக் கூடாது

சிப்ஸ் பாக்கெட் எதையாவது கிழித்து உள்பக்கத்தைப் பார்த்தால் தெரியும். வெளியே எத்தனை நிறம் இருந்தாலும் உள்ளே வெறும் வெள்ளிப் பளபளப்புதான். அந்தப் பளபளப்பு வெளியே தெரிகிற மாதிரி ஒரு கவுன் செய்தால் ஐந்து வயதுப் பிள்ளைக்கு அது ராணி உடுப்பு. முத்துச்செல்விக்கு அதைச் செய்யத் தெரிந்திருந்தது.

அவள் சிவகாசியில் சீனிவாசகம் முதலாளியின் பேக்கேஜிங் கம்பெனியில் வேலை பார்த்தாள். தின்பண்ட உறைகள் அங்கே பெரிய ரோல்களாக அச்சாகின்றன. ஒவ்வொரு நிறத்துக்கும் ஓர் உருளை. ஒரு நிறத்தின் மேல் அடுத்த நிறம் சரியாக உட்கார வேண்டும். ஒரு நூல் விலகினாலும் சிவப்பு மிளகாய்க்குப் பக்கத்தில் அதன் ஆவி மாதிரி இன்னொரு மிளகாய் நிற்கும். அப்படி விலகிய ரோல் வேஸ்ட். வேஸ்ட் ரோலின் அச்சு வெளியாள் கண்ணில் படக் கூடாது என்பது அந்தக் கம்பெனியில் முதல் நாளே சொல்லித் தருகிற பாடம். ஆர்டர் கொடுத்தவன் பெயர் இரட்டை மிளகாயோடு தெருவில் திரியக் கூடாது.

அதனால், மேனேஜர் வந்து, "வேஸ்ட் ரோல்ல சின்னப் பிள்ளைகளுக்கு டிரெஸ் செய்யணும், நாடகத்துல போடுறதுக்கு" என்று சொன்னபோது அவள் அச்சை உள்ளே மறைத்துவிட்டாள். அச்சு வெளியே தெரிய வேண்டும், அப்போதுதான் பார்க்கக் குப்பை மாதிரி இருக்கும் என்று நாடகக்காரர்கள் மேனேஜரிடம் சொல்லியிருந்தார்கள். மேனேஜர் அதை அவளிடம் சொல்லவில்லை.

இந்தத் தாளைத் தையல் மெஷினில் தைக்க முடியாது. ஊசி குத்திய துளைகள் வரிசையாக நின்று, தபால்தலைத் தாள் மாதிரி அந்த வரிசையிலேயே கிழிந்துபோகும். சூடு வைத்துத்தான் ஒட்ட வேண்டும். அதிலும் உள்பக்கம் உள்பக்கத்தோடு மட்டுமே ஒட்டும். எனவே முத்துச்செல்வி வழக்கம்போல அச்சு வெளியே இருக்க ஓரங்களை ஒட்டி, தலைக்கும் கைகளுக்கும் வழி விட்டு, பிறகு தலையணை உறையைப் புரட்டுவதுபோல மொத்தத்தையும் புரட்டினாள். வெள்ளி வெளியே வந்தது. ஒட்டிய ஓரம் உள்ளே போனது. அந்த ஓரம் பிளேடு மாதிரி அறுக்கும் என்பதால், கழுத்தைச் சுற்றிப் பழைய வேட்டித் துணியை மடித்து டேப் போட்டு ஒட்டினாள்.

பக்கத்து மெஷின் வேலுத்தாய் பார்த்துக்கொண்டே இருந்தாள். "கலியாணப் பொண்ணுக்கா செய்ற? இம்புட்டுப் பக்குவம் பாக்குற."

"பிள்ளைக்குக் குத்தும்க்கா."

"எந்தப் பிள்ளைக்கு? ஒம் பிள்ளைக்கா குடுக்கப் போறாக?"

முத்துச்செல்வி அடுத்த ஓரத்தைச் சூட்டில் வைத்து அழுத்தினாள். நாடகம் பார்க்கப் போவது எந்தப் பள்ளிக்கூடம் என்று அவளுக்குத் தெரியும். முதலாளியின் பேத்தி ஹர்ஷினி அங்கே யு.கே.ஜி. படித்தாள். முத்துச்செல்வியின் மகள் பொன்மாரியும் அதே வகுப்புதான். தனியார் பள்ளிகள் நுழைவு வகுப்பில் நாலில் ஒரு பங்கு இடத்தை ஏழைப் பிள்ளைகளுக்குக் கட்டணமில்லாமல் தர வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. விண்ணப்பம் அதிகமானால் குலுக்கல். குலுக்கலில் பொன்மாரியின் பெயர் வந்தது. அன்றைக்கு அவர்கள் ஊரான ஆனைக்குட்டத்தில் தெருவே வந்து பார்த்துவிட்டுப் போனது.

சீட்டு கிடைத்ததே தவிர, விளையாடக் கூட்டு கிடைக்கவில்லை. முத்துச்செல்வி தினமும் சாயங்காலம் கேட்பாள்: "இன்னைக்கு யார்கூட விளையாண்ட?"

"நான் பாத்துக்கிட்டு இருந்தேன்" என்பாள் பொன்மாரி.

"என்ன பாத்த?"

"அவங்க விளையாண்டத."

அவள் அதை வருத்தமாகச் சொல்ல மாட்டாள். வேடிக்கை பார்ப்பதும் ஒரு விளையாட்டு என்பது போலத்தான் சொல்வாள். அதுதான் முத்துச்செல்விக்குத் தாங்கவில்லை. ஒரே ஒரு தடவை எல்லாரும் தன் மகளைப் பார்க்கிற மாதிரி அவள் நடுவில் நின்றுவிட்டால் போதும், அதற்குப் பிறகு அதுவாகவே நடக்கும் என்று நினைத்தாள்.

மறுநாள் காலை பள்ளி வாசலில் வகுப்பு ஆசிரியை யோகலட்சுமி மிஸ்ஸை நிறுத்தினாள். "மிஸ், நாடகத்துக்கு டிரெஸ் நான்தான் செய்றேன். எம் பிள்ளைக்கு ஒண்ணு போட்டுவிடுவீகளா?"

"யாருக்கு எதுன்னு நாடகக்காரங்கதாம்மா முடிவு பண்ணுவாங்க."

"பேசுற வேசம் வேணாம் மிஸ். டிரெஸ்ஸப் போட்டு நடுவுல நின்னாப் போதும்."

யோகலட்சுமி மிஸ் நல்லவர். யாரையும் அதட்டாதவர். சிரித்துக்கொண்டே சொன்னார்: "சரிம்மா. மொத டிரெஸ் உங்க பொண்ணுக்குத்தான்."

நாடகம் விருதுநகரில் ஒரு கல்யாண மண்டபத்தில். மதுரையிலிருந்து வந்த குழு. தலைவன் பெயர் ஹரிஷ்குமார், தாடி வைத்த மெலிந்த இளைஞன். கடலில் சேரும் பிளாஸ்டிக்கைப் பற்றிச் சின்னப் பிள்ளைகளுக்காக அவன் உருவாக்கிய நாடகம் அது. செலவு சீனிவாசகம் முதலாளியுடையது. உடுப்புகளைக் கொண்டுபோகவும் மாட்டிவிடவும் ஆள் வேண்டும் என்று கம்பெனியே முத்துச்செல்வியைப் பள்ளி பஸ்ஸில் அனுப்பியது.

கலர் டிரெஸ்ஸில், மீன் மாதிரி அலங்காரம் செய்து அனுப்பச் சொல்லி வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் செய்தி போயிருந்தது. அந்தக் குழு ஃபீஸ் நினைவூட்டலுக்காகத் தொடங்கியது. ஃபீஸ் கட்டாத பிள்ளைகளின் பெற்றோரை அதில் சேர்க்கத் தேவை வரவில்லை. எனவே ஹர்ஷினி பச்சைச் சரிகை வாலோடு கடல்கன்னியாக வந்தாள். இன்னொருத்தி ஆரஞ்சு, இன்னொருவன் நீலம். குலுக்கலில் வந்த பிள்ளைகள் மட்டும் யூனிஃபார்மில் வந்தார்கள்.

"பிளாஸ்டிக்கா நடிக்கக் கொஞ்சம் பேர் வேணும் மிஸ்" என்றான் ஹரிஷ்குமார். "மத்தவங்கல்லாம் மீன்."

யோகலட்சுமி மிஸ் வரிசையைப் பார்த்தார். சரிகை வாலின் மேல் கவுனை மாட்டினால் வால் கசங்கும். வாலைச் செய்த அம்மாக்கள் சும்மா விட மாட்டார்கள். கணக்கு எளிதாக முடிந்தது. "யூனிஃபார்ம் போட்டவங்கல்லாம் இந்தப் பக்கம் வாங்க செல்லங்களா."

முத்துச்செல்வி கேட்காமல் இருந்திருந்தாலும் பொன்மாரிக்கு அந்த வேஷம்தான் கிடைத்திருக்கும். கேட்டதால் முதலாவதாகக் கிடைத்தது.

புரட்டி வைத்த உடுப்புகளைப் பார்த்து ஹரிஷ்குமார் முதலில் முகம் சுளித்தான். பிறகு ஒன்றை விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்தான். "இது இன்னும் நல்லா இருக்கே. ஆபத்தானது அழகா இருக்கணும், அப்பத்தான் மீன் ஏமாறும். யாருங்க செஞ்சது?"

"நான்தான் சார்."

"கலக்கிட்டீங்க."

பொன்மாரி உடுப்புக்குள் போய்த் தலையை வெளியே நீட்டியதும் மீன்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தன. அவள் திரும்பும் பக்கமெல்லாம் விளக்கு உடைந்து உடைந்து தெறித்தது. ஹர்ஷினி தன் சரிகை வாலைக் குனிந்து பார்த்தாள். மறுபடி பொன்மாரியைப் பார்த்தாள். "எனக்கும் அது வேணும்" என்றாள். மிஸ், "நீ கடல்கன்னிடா, அது வெறும் குப்பை" என்று சமாதானம் சொன்னார்.

மண்டபத்துக்குள் கடல் செய்வது கடினமில்லை. மெல்லிய நீலத் துணியை நீளமாக விரித்து, ஓரங்களில் டேபிள் ஃபேன்களைப் படுக்கவைத்துக் காற்றை அடியில் விட வேண்டும். துணி பறந்துவிடாமல் இரண்டு பக்கமும் ஆட்கள் பிடித்துக்கொள்வார்கள். ஒரு பக்கம் தளர்த்தி மறுபக்கம் இழுத்தால் அலை ஓடும். பிள்ளைகள் அதன் அடியில் தவழ்வார்கள். மேலே விளக்கு அசைய, உள்ளே நிஜமாகவே தண்ணீருக்கடியில் இருப்பதுபோல நீலம் ஆடும். ஆமைக்கு மூங்கில் கூடு, அதற்குள் இரண்டு பேர். அதன் இமைகளை சைக்கிள் பிரேக் கம்பியால் மூடித் திறந்தார்கள். இதையெல்லாம் விட நுட்பமாகச் செய்யப்பட்டது நாடகத்தின் கதைதான்.

அது மூன்று பகுதி. முதல் பகுதியில் பிளாஸ்டிக் கடலுக்குள் மிதந்து வரும். அழகாக இருப்பதால் மீன்கள் அதோடு விளையாடும். இரண்டாம் பகுதியில் ஆமை அதைத் தின்று மயங்கிவிழும். மீன்கள் கோபம் கொண்டு பிளாஸ்டிக்கைப் பிடித்து இழுத்து, மூலையில் நிற்கும் பெரிய வலைக்கூண்டில் போடும். கூண்டின் மேல் 'குப்பை' என்று எழுதியிருக்கும். மூன்றாம் பகுதியில், அதுவரை வாய் திறக்காத பிளாஸ்டிக் முதல்முறையாகப் பேசும். "என்னைத் தூக்கி எறிஞ்சது யாரு?" என்று கேட்கும். மீன்களுக்குப் பதில் தெரியாமல் திகைப்பு வரும். பிறகு ஹரிஷ்குமார், "நாமதானே எறிஞ்சோம்" என்பான். ஒவ்வொரு மீனும் ஒரு பிளாஸ்டிக்கின் கையைப் பிடித்துத் துணிச் சுரங்கம் வழியாக அழைத்துப் போகும். மறுபக்கம் வரும்போது அந்த உடுப்பு கழன்று எல்லாரும் மீனாக இருப்பார்கள்.

மூன்றாம் பகுதி எதிர்பாராமல் வந்தால்தான் பிள்ளைகள் மனதில் தைக்கும். அதனால் ஹரிஷ்குமார் அதை மீன்களிடம் சொல்வதில்லை. பிளாஸ்டிக் பிள்ளைகளை மட்டும் மேடைக்குப் பின்னால் அழைத்துப்போய், மண்டியிட்டு உட்கார்ந்து, ரகசியம் போலச் சொல்வான். அன்றும் சொன்னான்.

"பிளாஸ்டிக் தானா நகருமா? நகராது. யாராவது இழுத்தாத்தான் போகும். அதனால அவங்க பிடிச்சதும் நீங்க அப்படியே துவண்டுறணும். பிளாஸ்டிக் பேசுமா? பேசவே பேசாது. என்ன நடந்தாலும் பேசக் கூடாது. கூண்டுக்குள்ள போனதும், நான் கை காட்டுறவரைக்கும் அமைதியா இருக்கணும். அப்புறந்தான் 'என்னைத் தூக்கி எறிஞ்சது யாரு'ன்னு கேக்கணும். கடைசில ஒரு மீன் வந்து உங்க கையப் பிடிச்சுச் சுரங்கத்துக்குள்ள கூட்டிட்டுப் போகும், நீங்களும் மீனா ஆயிருவீங்க. அந்த மீன்தான் உங்க ஃபிரெண்டு."

"எனக்கு எந்த மீனு?" என்று கேட்டாள் பொன்மாரி.

ஹரிஷ்குமார் திரைச்சீலை இடுக்கு வழியாகப் பார்த்தான். "அந்தப் பச்சை வால் இருக்குல்ல, அது."

முதல் பகுதி நன்றாக நடந்தது. நீலத் துணிக்கு அடியில் வெள்ளி உடுப்புகள் மிதந்து வந்தபோது ஆசிரியைகளே 'அடடா' என்றார்கள். மீன்கள் தொட்டுப் பார்த்தன. பொன்மாரியைச் சுற்றி அத்தனை பிள்ளைகள் நின்றதை முத்துச்செல்வி அதுவரை பார்த்ததில்லை. ஓரத்தில் நின்று இரண்டு கைகளையும் கோத்துக்கொண்டாள்.

ஆமை விழுந்தது. பிரேக் கம்பியை விட்டதும் இமைகள் மெதுவாக மூடின. இரண்டு பிள்ளைகள் அழுதார்கள். ஹரிஷ்குமார் மைக்கில் கேட்டான்: "யாரு இதுக்குக் காரணம்?"

"பிளாஸ்டிக்" என்றார்கள்.

"யாரு?"

"பிளாஸ்டிக்."

"அப்ப நாம என்ன பாட்டுப் பாடணும்? குப்பையே குப்பையே போ போ, கடல் எங்க வீடு போ போ."

சின்னப் பிள்ளைகள் காதால் கற்பதைவிட உடம்பால் கற்பது அதிகம் என்பது ஹரிஷ்குமாரின் நம்பிக்கை. அது சரிதான். தள்ளுவதும் இழுப்பதும் தாளத்தோடு சேர்ந்துவிட்டால் பிள்ளைகளுக்கு மறக்காது. மீன்கள் பாய்ந்தன. மற்ற பிளாஸ்டிக் பிள்ளைகள் சிரித்தார்கள், ஓடினார்கள், ஒரு பையன் திருப்பி உதைத்தான். பொன்மாரி மட்டும் சொன்னபடியே துவண்டாள். ஹர்ஷினி அவளுடைய கணுக்காலைப் பிடித்து இழுத்தாள். தலை தரையில் தடதடவென்று வந்தது.

"இதுதான் நிஜப் பிளாஸ்டிக். எல்லாரும் அந்தப் பாப்பாவப் பாருங்க" என்று மைக்கில் பாராட்டினான் ஹரிஷ்குமார்.

எல்லாரும் பார்த்தார்கள். மற்றவர்கள் நழுவிக்கொண்டிருக்க இவள் மட்டும் இழுக்க வாகாக இருந்ததால் மேலும் மேலும் மீன்கள் இவளிடமே வந்தன. இழுத்த இழுப்பில் கழுத்துத் துணிப்பட்டி பிய்ந்தது. உள்ளே இருந்த ஓரம் கழுத்தில் கோடு கிழித்தது. வெள்ளியின் மேல் சின்னதாகச் சிவப்பு தெரிந்ததும் முத்துச்செல்வி ஓர் அடி எடுத்து வைத்தாள்.

யோகலட்சுமி மிஸ் அவள் கையைப் பிடித்தார். "ஷோ நடக்குதும்மா. நடுவுல போகாதீங்க. பாருங்க, அவ அழவே இல்ல. எம்புட்டு நல்லா நடிக்கிறா."

உண்மைதான். அவள் அழவில்லை. உதட்டை உள்ளே இழுத்துக் கடித்திருந்தாள். கூண்டுக்குள் அவளைத் தள்ளிக் கதவைச் சாத்தியபோது ஒரு சின்ன மீன் 'சீ' என்று வலைக்குள் துப்பியது. ஆமை கண் திறந்தது. கைதட்டல் மண்டபத்தை நிறைத்தது.

மூன்றாம் பகுதி தொடங்க வேண்டிய இடத்தில் பள்ளி முதல்வர் மேடையேறினார். நாடகத்துக்கு முன்னால் நடந்திருக்க வேண்டிய பாராட்டு விழா, சிறப்பு விருந்தினரான சீனிவாசகம் முதலாளி தாமதமாக வந்ததால் நடக்கவில்லை. அதை இப்போது வைத்தார்கள். இந்தப் பக்கத்தில் மேடையேறிய எவரையும் பொன்னாடை இல்லாமல் இறக்க முடியாது. முதலாளிக்கு ஒன்று, அவர் முதல்வருக்கு ஒன்று, தாளாளருக்கு, மண்டபத்துக்காரருக்கு, ஆமைக்குள் இருந்த இருவருக்கும் ஒவ்வொன்று. ஒவ்வொரு பொன்னாடையையும் பாலிதீன் உறையிலிருந்து உருவி எடுத்துப் போர்த்திப் படம் பிடிக்க வேண்டும். பிறகு முதலாளி பேசினார். பூமியைப் பிள்ளைகள் கையில் ஒப்படைக்கிறோம் என்றார். நீளமாக ஒப்படைத்தார்.

அதற்குள் சாயங்காலக் கல்யாண வரவேற்புக்கு ஜோடனை செய்கிறவர்கள் பூ வளைவோடு வந்து வாசலில் நின்றார்கள்.

"சார், இன்னும் ஒரு பகுதி இருக்கு" என்றான் ஹரிஷ்குமார்.

"ஆமைதான் பொழச்சிருச்சே தம்பி" என்றார் முதல்வர். "கருத்து நல்லாப் போய்ச் சேந்துருச்சு. போட்டோ எடுத்து முடிச்சிருவோம்."

மீன்கள் முதலாளியைச் சுற்றி நின்றன. படத்தில் பின்னால், மூலையில், வலைக்கூண்டுக்குள் ஏதோ பளபளப்பாக விழுந்திருக்கிறது.

முத்துச்செல்விதான் கூண்டைத் திறந்தாள். உள்ளே இருந்த மற்றப் பிள்ளைகள் வெளியே ஓடி வந்தார்கள். பொன்மாரி நகரவில்லை.

"வாத்தா, பஸ்ஸு கெளம்புது."

அவள் தலையை ஆட்டினாள். வாயை இறுக்கிக்கொண்டு, அம்மாவைத் தாண்டி யாரையோ தேடினாள். ஜோடனைக்காரர்கள் கூண்டை நகர்த்தச் சொல்லிச் சத்தம் போட்டார்கள். முத்துச்செல்வி அவளை அக்குளில் கைகொடுத்து இழுத்துத்தான் வெளியே எடுத்தாள். பஸ்ஸில் பிள்ளைகள் பாடிக்கொண்டே வந்தார்கள். குப்பையே குப்பையே போ போ. பொன்மாரி யார் பக்கத்தில் உட்காரப் போனாலும் அந்தப் பாட்டு அங்கே கொஞ்சம் உரக்கக் கேட்டது. கடைசியில் அம்மா மடியில் உட்கார்ந்தாள். வீடு வந்து சேர்ந்த பிறகுதான் பேசினாள்.

"ஹர்ஷினி வருவாம்மா. கையப் பிடிப்பா. அந்த மாமா சொன்னாங்க." பிறகு மூன்றாம் பகுதியை முழுதாக, ஒன்று விடாமல் சொன்னாள்.

"அதான் நாடகம் முடிஞ்சிருச்சேத்தா."

"முடியல. மூணாவது வரல."

அந்த வாரம் முத்துச்செல்வி வழக்கமான கேள்வியைக் கேட்டபோது வேறு பதில் வந்தது. "எல்லார்கூடயும் விளையாண்டேன்."

"எல்லார்கூடயுமா?"

"ஹர்ஷினிகூட."

முத்துச்செல்வி மறுநாள் கம்பெனியில் வேலுத்தாயிடம் சும்மா சொல்வது போலச் சொன்னாள்: "மொதலாளி பேத்தி எம் மகளவிட்டு நகர மாட்டேங்குறாளாம்க்கா."

"அப்படியா. அப்ப ஒனக்கு இனிமே நைட் ஷிப்ட் கெடையாது" என்றாள் வேலுத்தாய்.

குளிப்பாட்டும்போதுதான் முழங்கையிலும் முதுகிலும் சிராய்ப்புகளைப் பார்த்தாள். ஒரு நாள் அரை நாள் லீவு போட்டுவிட்டு, இடைவேளை நேரத்தில் பள்ளிக் கம்பி வேலிக்கு வெளியே போய் நின்றாள். மைதானத்தின் மூலையில், கழிப்பறைக்குப் பக்கத்தில், பெரிய பச்சைக் குப்பைத் தொட்டி இருந்தது. பிள்ளைகள் பாடிக்கொண்டே ஒருத்தியைக் காலைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்கள். இழுபட்டவள் துவண்டு கிடந்தாள். தொட்டியருகே விட்டுவிட்டுக் கையைத் தட்டித் துடைத்துக்கொண்டு ஓடினார்கள். அவள் எழவில்லை. மணி அடிக்கும்வரை காத்துக் கிடந்தாள். நாடகத்தில் பிளாஸ்டிக்காக நடித்த மற்றப் பிள்ளைகள் இரண்டாம் நாளே அழுதும் கடித்தும் தப்பித்திருந்தார்கள். அவர்களும் இப்போது இழுக்கிறவர்களோடு இருந்தார்கள்.

"ஏந்தா இப்படிக் கெடக்குற? மிஸ்கிட்ட சொல்ல வேண்டியதுதான" என்று வீட்டில் கேட்டாள்.

"பேசக் கூடாது. பேசுனா மூணாவது வராது."

"அந்தப் பிள்ளைகளுக்கு மூணாவது இருக்குன்னே தெரியாது. நீ சொன்னாத்தான அவளுக்குத் தெரியும்?"

பொன்மாரி யோசித்தாள். பிளாஸ்டிக் மூன்றாம் பகுதியில் பேசலாம்தானே. மறுநாள் குப்பைத் தொட்டி அருகே கிடந்தபடியே ஹர்ஷினியிடம் சொன்னாள்: "இப்ப நீ என் கையப் பிடிக்கணும். சுரங்கத்துக்குள்ள கூட்டிட்டுப் போகணும். நான் மீனா ஆயிருவேன்."

"பொய்" என்றாள் ஹர்ஷினி. "நாடகத்துல அப்படி வரல."

"வரும். அந்த மாமா சொன்னாங்க."

ஹர்ஷினி கெட்ட பிள்ளை அல்ல. எதையும் கேட்டுத் தெரிந்துகொள்கிற பிள்ளை. வீட்டில் தாத்தாவிடம் கேட்டாள், அந்த வெள்ளி டிரெஸ் மறுபடி வேறு ஏதாவதாக ஆகுமா என்று. சீனிவாசகம் முதலாளி தொழிலை நேசிப்பவர். பேத்தி தொழிலைப் பற்றிக் கேட்கிறாள் என்று மகிழ்ந்து, மடியில் வைத்துக்கொண்டு, ஒரு பாக்கெட்டைக் கிழித்துக் காட்டினார். பார்க்க ஒரே தாள் மாதிரி இருந்தாலும் மூன்று தாள்கள் ஒட்டியது. வெளித்தாள் அச்சைத் தாங்கும். நடுத்தாள் வெளிச்சத்தையும் காற்றையும் தடுக்கும். உள்தாள் சூட்டில் உருகி ஒட்டும். ஒவ்வொன்றும் தனித்தனியாக இருந்தால் உருக்கி வேறொன்று செய்யலாம். பசை போட்டுச் சேர்த்துவிட்டால் பிரித்தெடுப்பது பெரும்பாடு, யாரும் செய்வதில்லை. "இத யாரும் வாங்க மாட்டாங்க தங்கம். சிமெண்ட் ஆலைக்கு அனுப்பி எரிச்சிர வேண்டியதுதான்" என்றார்.

மறுநாள் ஹர்ஷினி பொன்மாரியிடம் பொறுமையாக விளக்கினாள். "எங்க தாத்தா சொன்னாங்க. நீ போட்டது மூணு தாளு. பிரிக்கவே முடியாதாம். நீ மீனா ஆக முடியாது. எரிக்கத்தான் செய்வாங்களாம்."

சாயங்காலம் பொன்மாரி கேட்டாள்: "நெசமாம்மா?"

முத்துச்செல்வி அந்தத் தாளை ஒட்டுகிறவள். அது நிஜம் என்று அவளுக்குத் தெரியும். "அது டிரெஸ்ஸுக்குத்தா. ஒனக்கு இல்ல" என்றாள்.

பொன்மாரி அந்தப் பதிலை நம்பவில்லை. முகத்தில் தெரிந்தது.

முத்துச்செல்வி மறுநாள் காலையிலேயே யோகலட்சுமி மிஸ்ஸிடம் போய் எல்லாவற்றையும் சொன்னாள். மிஸ்ஸின் கண் கலங்கிவிட்டது. "எனக்குத் தெரியாமப் போச்சேம்மா" என்றார். உடனே வகுப்பை எழுப்பி நிற்கவைத்தார். அன்றைக்கு முதல்முறையாக அவர் குரல் உயர்ந்தது. "இனிமே அந்த விளையாட்டு கிடையாது. அந்தப் பாட்டு கிடையாது. யாராவது பொன்மாரி மேல கை வச்சீங்க, அன்னைக்குப் பூரா வெளிய நிக்கணும். புரியுதா?"

புரிந்தது. ஐந்து வயதில் ஒரு கட்டளையைச் சொன்னபடியே புரிந்துகொள்வார்கள். அதில் எங்கே தளர்த்த வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியாது. அந்த வகுப்பு மைதானத்துக்குப் போகும்போதும் வரும்போதும் ரயில் போலப் போகும். ஒவ்வொரு பிள்ளையும் முன்னால் நிற்பவரின் தோளில் கை வைத்திருக்கும். அன்று முதல் பொன்மாரிக்குப் பின்னால் நின்ற பிள்ளை கையைத் தொங்கவிட்டுக்கொண்டது. ரயில் அந்த இடத்தில் இரண்டானது. கைகோத்து ஆடும் பாட்டில் அவளுக்கு இரண்டு பக்கமும் கைகள் எட்டாமல் நின்றன. இடைவேளையில் அவள் தானாகவே குப்பைத் தொட்டியருகே போய்ப் படுத்துப் பார்த்தாள். யாரும் வரவில்லை. எழுந்து ஹர்ஷினியிடம் போய், "நான் குப்பைதான். வாங்க" என்றாள்.

"மிஸ் திட்டுவாங்க" என்று சொல்லிவிட்டு ஹர்ஷினி பின்னால் நகர்ந்தாள்.

அன்று சாயங்காலம் முத்துச்செல்வி கேள்வியைக் கேட்கவில்லை. மகளே சொன்னாள். "நீ ஏம்மா மிஸ்கிட்ட சொன்ன? இப்ப என்னைய யாரும் இழுக்க மாட்டேங்குறாங்க." சொல்லிவிட்டுச் சுவர் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். அடுத்த நாளும் அதற்கு அடுத்த நாளும் அப்படியே உட்கார்ந்தாள். சாப்பாட்டை வாயில் வைத்துக்கொண்டு விழுங்காமல் இருந்தாள்.

வாரம் முடிவதற்குள் முத்துச்செல்வி மறுபடியும் பள்ளி வாசலில் மிஸ்ஸை நிறுத்தினாள். சொல்ல வந்ததை எப்படித் தொடங்குவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"மிஸ், அந்த விளையாட்ட... விளையாடட்டும் மிஸ்."

"எந்த விளையாட்டும்மா?"

"அந்தக் குப்ப விளையாட்டு."

யோகலட்சுமி மிஸ் அவளை உற்றுப் பார்த்தார். "என்னம்மா பேசுறீங்க? உங்க பொண்ணக் குப்பைன்னு சொல்லி இழுத்துட்டுப் போறாங்க. வேணும்னு நீங்களே கேக்குறீங்களா?"

"கொஞ்ச நேரம் மிஸ். மெதுவா இழுக்கச் சொல்லுங்க. நீளக் கை வச்ச சட்ட போட்டு அனுப்புறேன், சிராய்க்காது."

"இல்லம்மா. அது தப்பு." மிஸ் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். குரல் கனிவாக இருந்தது. "நம்ம ஸ்கூல்ல பிள்ளைகளுக்குள்ள வித்தியாசம் பாக்கவிட மாட்டோம். உங்களுக்கு இது புரியாது, போகப்போகப் புரியும். நான் இருக்கேன்ல, ஒருத்தரும் அவள ஒண்ணும் பண்ண மாட்டாங்க."

மணி அடித்தது. பிள்ளைகள் மைதானத்திலிருந்து வகுப்புக்குப் போக வரிசை கட்டினார்கள். பொன்மாரி தன் இடத்தில் நின்று, முன்னால் நின்ற ஹர்ஷினியின் தோளில் கையை வைத்தாள். ஹர்ஷினி தோளைக் குலுக்கி உதறினாள்.

"மிஸ், இவ என்னயத் தொடுறா. நான் தொடல மிஸ்."

யோகலட்சுமி மிஸ் வரிசையைப் பார்த்தார். ஒரு பிள்ளைகூடச் சொன்ன சொல்லை மீறவில்லை என்பதில் அவருக்குத் திருப்தியாக இருந்தது.

"பொன்மாரி, கைய எடுடா செல்லம்" என்றார். "ரூல்னா எல்லாருக்கும் ரூல்தான். நீயும் யாரையும் தொடக் கூடாது."

பொன்மாரி கையை எடுத்தாள். உதட்டை உள்ளே இழுத்துக் கடித்துக்கொண்டாள். ரயில் நகர்ந்தது. அவளுக்கு முன்னால் ஓர் இடைவெளி, பின்னால் ஓர் இடைவெளி. வாசலில் நின்ற அம்மாவை அவள் திரும்பிப் பார்க்கவில்லை.